முடிவிலும் பங்கு வேண்டும்

(மாப்பிள்ளையூரணியில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



தங்கள் ஊர்ப் பெயரிலேயே ஊரணி இருக்கிறது. ஆகவே நீர்நிலையை வைத்தே பேசத் துணிகிறோம்.

2017ஆம் ஆண்டில் தமிழக அரசு குடிமராமத்துக்குப் புத்துயிர் அளித்தது. செலவில் பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ விவசாயிகள் ஏற்க வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் உழைப்பில் பங்கு கேட்பது வேறு, முடிவில் பங்கு கொடுப்பது வேறு. இரண்டும் ஒன்றென எண்ணுவது எம்மைப் போன்ற அலுவலர்களின் பழைய குறை. மதிப்பீட்டை முடித்துவிட்டுக் கையொப்பத்துக்காகக் கூட்டம் கூட்டியவர்கள்தாமே நாம்!

கிறிஸ் ஆன்செல், அலிசன் காஷ் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், அரசும் மக்களும் கூடி முடிவெடுத்த 137 நிகழ்ச்சிகளை ஆராய்ந்து 2008இல் எழுதினார்கள். நேருக்கு நேர் பேச்சு, அதில் பிறக்கும் நம்பிக்கை, இடையிடையே கிட்டும் சிறு வெற்றிகள் ஆகியவையே கூட்டு வேலையை வளர்க்கின்றன என்று கண்டார்கள். வலியவர் குரலே ஓங்குமிடத்தில், எளியவரும் பேசுவதற்குத் தனியே வழி செய்ய வேண்டும் என்பதும் அவர்கள் முடிவு.

2023 டிசம்பர் வெள்ளத்தில் கோரம்பள்ளம் குளம் உடைந்ததைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் எத்தெருவில் முதலில் நுழைந்தது, எங்கே தேங்கிற்று என்பது எமது கோப்பில் இல்லை. தாழ்ந்த தெருவில் குடியிருப்போருக்குத் தெரியும். ஆதலால் இம்முறை மதிப்பீடு எழுதாமலே வந்திருக்கிறோம். வரைபடம் மேசைமீது இருக்கிறது. கடைக்கோடித் தெருவார் முதலில் வந்து, உபரிநீர் போன வழியைக் காட்டுங்கள்.