அப்புறம் சுத்தம் பண்ணிக்கலாமா? பாலாறு சொல்லும் கணக்கு

அரக்கோணத்திலிருந்து பேசறேன். இந்த எபிசோட்ல ஒரே ஒரு வாதத்தை மட்டும் எடுத்துக்கப் போறோம். நீங்களும் எங்கேயாவது கேட்டிருப்பீங்க: "முதல்ல நாடு வளரட்டும், கையில காசு வரட்டும். ஆறு, காத்து எல்லாத்தையும் அப்புறம் சுத்தம் பண்ணிக்கலாம். ஐரோப்பாவும் அமெரிக்காவும் அப்படித்தானே முன்னேறுச்சு?"

இதைப் பொழுதுபோகாம யாரோ சொன்ன பேச்சுன்னு தள்ளிட முடியாது. 1991-ல் ஜீன் கிராஸ்மேன், ஆலன் க்ரூகர்னு இரண்டு பொருளாதார அறிஞர்கள் பல நாட்டு நகரங்களின் காற்று மாசுத் தரவுகளை எடுத்துப் பார்த்தாங்க. வருமானம் ஏற ஏற, கந்தக டை ஆக்சைடு மாதிரி சில மாசுகள் முதல்ல கூடுது. ஒரு கட்டத்துக்குப் பிறகு குறையுது. படமா வரைஞ்சா, கவிழ்த்து வச்ச கிண்ணம் மாதிரி இருக்கும். சுற்றுச்சூழல் குஸ்நெட்ஸ் வளைவுன்னு அதுக்குப் பேர்.

அந்தக் கிண்ணத்தோட இறங்குற பக்கத்துல ஒரு கேள்வி இருக்கு. பணக்கார நாடுகள்ல குறைஞ்ச மாசு நிஜமாவே இல்லாம போச்சா, இல்ல வேற ஊருக்குக் குடிபோச்சா? இதுக்குப் பதில் தேட ரொம்ப தூரம் போக வேணாம். 2019-ல் வேலூரிலிருந்து பிரிஞ்ச எங்க ராணிப்பேட்டை மாவட்டமே போதும்.

பாலாற்றங்கரையில் தோல் பதனிடுற தொழில் பழசு. அப்போ ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுத்தான் தோலைப் பதப்படுத்துவாங்க. வாரக்கணக்கில் ஆகும். அரைகுறையா பதனிட்ட அந்தத் தோல் கப்பல் ஏறிப் போய், ஐரோப்பாவில் முழுசா தயாராகும். 1970-களில் இது தலைகீழா மாறுது. பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் விக்காதீங்க, முழுசா முடிச்ச தோலை வித்தாத்தான் அந்நியச் செலாவணி அதிகம்னு இந்திய அரசு ஏற்றுமதி விதிகளை மாத்துது. அதே காலத்தில் மேலை நாடுகளில் கூலியும் கழிவுநீர் விதிகளும் ஏறுது. அங்கே டேனரிகள் ஒவ்வொண்ணா மூடப்படுது. ஷூவை வாங்குறவங்க அங்கேயே இருந்தாங்க. தோலை ஊறவைக்கிற தொட்டி மட்டும் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் பெருகுச்சு.

வேகமா வேலை முடியணும்னா குரோமியம் உப்பு வேணும். பட்டையில் வாரக்கணக்கில் ஆனது, குரோமில் ஓரிரு நாளில் முடியும். ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகுதுன்னு பின்னாடி உச்ச நீதிமன்றத் தீர்ப்பே பதிவு பண்ணியிருக்கு. அந்தத் தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு? பாலாறு வருஷத்துல முக்கால்வாசி நாள் மேல வறண்டு கிடக்கும். மணலுக்கு அடியில் ஊற்று ஓடும். தண்ணியை அங்கேர்ந்து எடுத்தாங்க, கழிவையும் அங்கேயே விட்டாங்க.

1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொன்னது. சட்டம் படிக்கிற எல்லாரும் இன்னைக்கும் படிக்கிற தீர்ப்பு அது. டேனரி பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு ஆகாம போச்சுன்னு தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் சொன்ன கணக்கு அதில் இருக்கு. கெடுத்தவரே செலவை ஏற்கணும், ஆபத்து வரும் முன்னே தடுக்கணும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதின்னு நீதிமன்றம் அறிவிச்சது. தொழில் முக்கியம்தான், அந்நியச் செலாவணியும் வேலையும் தருது, ஆனா அதுக்காகச் சூழலை அழிக்க உரிமை கிடையாதுன்னும் சொன்னது.

"அப்புறம்" என்ற அந்தச் சொல்லை இங்கேதான் உரசிப் பார்க்கணும். தீர்ப்புக்குப் பிறகு அமைஞ்ச ஆணையம் 29,000-க்கும் மேற்பட்டவங்களுக்குச் சுமார் 27 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயிச்சது. வகுத்துப் பாருங்க: சராசரியா ஒருத்தருக்கு 9,000 ரூபாய் சொச்சம். கிணறு உப்பாகி, நெல்லும் தென்னையும் போன நிலத்துக்கு! 2025 ஜனவரி 30-ல் அதே பாலாறு மறுபடியும் உச்ச நீதிமன்றத்தில் நிக்குது. இன்னும் இழப்பீடு கிடைக்காதவங்களுக்கு அரசு ஆறு வாரத்தில் கொடுக்கணும், கெடுத்தவங்ககிட்ட வசூல் பண்ணிக்கணும்னு உத்தரவு. கெடுத்ததைச் சரிசெய்யுற வரைக்கும் அவங்க பொறுப்பு தீராதுன்னும் அதில் இருக்கு. முதல் தீர்ப்புக்கும் இதுக்கும் நடுவுல 28 வருஷம்.

சரி, சுத்தமாவது பண்ணியாச்சா? பண்ண முயற்சி நடந்துச்சு, அதைச் சொல்லாம விடக் கூடாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினாங்க. கழிவுநீரை வெளியே விடவே கூடாதுன்னு விதி வந்துச்சு. ஆனா தோல் கெடாம இருக்க முதல்லயே உப்பு போடறாங்களே, சாதாரண உப்பு, அதுதான் பெரிய தலைவலி. குரோமைப் படிய வச்சுப் பிரிச்சிடலாம். தண்ணியில கரைஞ்ச உப்பு லேசுல பிரியாது. சவ்வுகளில் வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்க வச்சு வத்தவிட்டா, கடைசியில் மூட்டை மூட்டையா கலப்பு உப்பு. அதை வாங்க ஆளில்லை. ஷெட்டுகளில் அடுக்கி வைக்கிறாங்க.

2015 ஜனவரி 31 விடியற்காலையில், ராணிப்பேட்டை சிப்காட்டில் இப்படி ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுக்கழிவுத் தொட்டிச் சுவர் இடிஞ்சு விழுந்துச்சு. பக்கத்து டேனரியில் தூங்கிட்டிருந்த 10 தொழிலாளிகள் செத்துப்போனாங்க. பெரும்பாலானவங்க மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவங்க. அதே ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990-களின் நடுவில் மூடினப்போ, குரோமியக் கழிவு 2 லட்சம் டன்னுக்கு மேல குவிஞ்சு கிடந்துச்சு. 2006-ல் ஒரு சர்வதேச அமைப்பு உலகத்திலேயே மோசமா மாசுபட்ட 10 இடங்களைப் பட்டியல் போட்டப்போ, செர்னோபில் இருந்த அதே பட்டியல்ல ராணிப்பேட்டையும் இருந்துச்சு.

ஆக, அந்தக் கிண்ணம் பணக்கார நாட்டில் கீழே இறங்கினதுக்கு ஒரு காரணம், அழுக்கு வேலையை வாங்கிக்க நம்மை மாதிரி ஒரு இடம் இருந்தது. நாம வளர்ந்தப்புறம் இதை எங்கே அனுப்புறது? அனுப்பினாலும் அங்கேயும் ஒரு ஆறு இருக்கும், கரையில ஜனங்க இருப்பாங்க.

"அது ராணிப்பேட்டை பிரச்சினை"ன்னு சென்னையில் கேட்கிறவங்க நினைக்க வேணாம். வாலாஜா பக்கம் பாலாற்று அணைக்கட்டிலிருந்து பிரியுற கால்வாய்கள்தான் காவேரிப்பாக்கம் ஏரிக்கும் எங்க பக்கத்து மகேந்திரவாடி ஏரிக்கும் வெள்ளத்தைக் கொண்டு வருது. மகேந்திரவாடி ஏரி மகேந்திரவர்ம பல்லவன் பேரைத் தாங்கினது. குடைவரைக் கல்வெட்டிலேயே அந்த ஏரியைப் பத்தி இருக்கு. காவேரிப்பாக்கத்தின் உபரி கொசஸ்தலையாறாகி, பூண்டிக்குப் போகுது. பூண்டி தண்ணி எங்கே போகுதுன்னு உங்களுக்கே தெரியும்.

இதை இப்போ பேசறதுக்குக் காரணம் இருக்கு. அரக்கோணத்துக்குப் பக்கத்தில் பனப்பாக்கம் சிப்காட்டில் 2024 செப்டம்பரில் 9,000 கோடி ரூபாய் கார் ஆலைக்கும், டிசம்பரில் 1,500 கோடி ரூபாய் காலணி ஆலைக்கும் அடிக்கல் நாட்டியிருக்காங்க. காலணி ஆலையில் மட்டும் 25,000 பேருக்கு வேலைன்னு அறிவிப்பு. அது தோல் இல்லாத காலணி. டேனரியோட அதை ஒண்ணா வச்சுப் பேசறது நியாயமில்லை. விடிகாலை ரயில் பிடிச்சு சென்னைக்கு வேலைக்கு ஓடுற எங்க ஊர்ப் பசங்களுக்கு வீட்டுப் பக்கத்துலயே சம்பளம்னா, அதை வேணாம்னு சொல்ல நான் யாரு? வேலை வரட்டும், சந்தோஷம்.

ஆனா பாலாறு கத்துக்கொடுத்த கேள்விகளை முதல் நாளே கேட்கணும். தண்ணி எங்கேர்ந்து வருது? கழிவு எங்கே போகுது, அதுல மிஞ்சுற உப்பும் சேறும் யார் பொறுப்பு? ஏதாவது கெட்டுப்போனா செலவுக்கான பணம் முன்கூட்டியே ஒதுக்கி வச்சிருக்கா, இல்ல இன்னும் 28 வருஷம் கோர்ட்டுக்கு நடக்கணுமா? சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படுற திட்டங்களோட ஆவணங்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் எல்லாரும் படிக்கிற மாதிரி இருக்கு. உங்க ஊர்ப் பக்கம் வர்ற ஒரு திட்டத்தை எடுத்து, தண்ணீர், கழிவுன்னு இருக்கிற பக்கங்களை மட்டுமாவது படிச்சுப் பாருங்க. புரியலைன்னா எங்களுக்கு எழுதுங்க, சேர்ந்து படிப்போம்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.