சம்பளச் சீட்டில் ஒரு வரி





நம் வாப்பாமார் கடை வைத்திருந்தார்கள். ரமலான் வந்தால் சரக்கை எண்ணி, கல்லாவைக் கணக்குப் பார்த்து, நாற்பதில் ஒரு பங்கை எடுத்து வைப்பார்கள். பிள்ளைகளாகிய நாம் பக்கத்தில் நின்று பார்த்தோம். இன்று நம் பிள்ளைகள் அலுவலகத்திலும் ஆலையிலும் மாதச் சம்பளம் வாங்குகிறார்கள். அவர்கள் பார்த்துக் கற்க அந்தக் கணக்குப் புத்தகம் வீட்டில் இல்லை.

சம்பளக்காரர்கள் ஜகாத் கொடுக்க முன்வருவதும் தயங்குவதும் எதனால்? நம் இளைஞர்களோடு பேசியதில் மூன்று காரணங்கள் தெரிந்தன.

முதலாவது, அறிவு. "நகைக்கும் வியாபாரத்துக்கும்தானே ஜகாத்?" என்று பட்டதாரிகளே கேட்கிறார்கள். சம்பளத்துக்கும் ஜகாத் கடமை என்று மலேசிய தேசிய ஃபத்வா குழு 1997-இல் முடிவு செய்தது. 85 கிராம் தங்கத்தின் மதிப்பே நிஸாப், விகிதம் 2.5 விழுக்காடு.

இரண்டாவது, வசதி. ஆண்டுக்கு 60,000 ரிங்கிட் வாங்குபவருக்கு, மொத்த வருமானத்தில் கணக்கிட்டால், ஜகாத் 1,500 ரிங்கிட். ஒரே நாளில் எடுத்துக் கொடுப்பது பாரம்தான். மாதம் 125 ரிங்கிட்டாகச் சம்பளத்தில் பிடித்தால் பாரம் தெரியாது. அதிகாரப்பூர்வமாகச் செலுத்திய ஜகாத், கட்டவேண்டிய வருமான வரியிலிருந்தே கழிக்கப்படுகிறது. இதைச் சொன்னதும் பலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மூன்றாவது, நம்பிக்கை. இதுதான் கனமானது. "நாம் கொடுப்பது நம் ஏழைகளுக்குக் கிடைக்கிறதா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நம் ஏழைகள் கேட்டார்களா? கணவரை இழந்த ஒரு சகோதரி, அது நமக்கு உரியதல்ல என்றே பல வருடம் இருந்துவிட்டார். மலாய்ப் படிவத்தை நிரப்பத் தெரியவில்லை, கேட்கக் கூச்சம். நாம் கூடப் போனோம். பிள்ளைகளின் படிப்புக்கு உதவி கிடைத்தது. அதைக் கேள்விப்பட்ட இளைஞர்கள் சிலர், சம்பளப் பிடித்தம் எப்படி என்று தாமாகவே கேட்டு வந்தார்கள்.

திருக்குர்ஆன் சொல்லும் எட்டுப் பிரிவினரில் முதலில் வருபவர்கள் ஏழைகளும் வறியவர்களும். அவர்கள் நம் தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களைச் சமய மன்றத்தின் வாசல்வரை அழைத்துப் போவது நம் வேலை. ஊரிலுள்ள உறவுகளுக்கு ஸதகா அனுப்புவதும் தொடரட்டும்.

ஐம்பதாண்டு கண்ட சங்கத்தின் சார்பில் ஒன்று மட்டும் கேட்கிறோம். வரும் ரமலானில் பிள்ளைகளை உட்கார வைத்து, அவர்கள் முன்னால் கணக்குப் போடுங்கள். வாப்பா கொடுப்பதைக் கண்ட பிள்ளை, தன் முதல் சம்பளத்திலேயே கொடுக்கும்.

அல்லாஹ் நம் பொருளைத் தூய்மையாக்கி வைப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.