ஹோத்தா என்னும் பெயர்



ஸ்பெயின் நாட்டு நடனம் என்றவுடன் நம்மவருள் பெரும்பாலோர் தெற்கே அந்தலூசியாவுக்குரிய பிளமெங்கோவையே நினைப்பர். வடகிழக்கே எப்ரோ ஆறு பாயும் அரகோன் பகுதியின் ஆட்டமோ வேறு. அதன் பெயர் ஹோத்தா. ஆங்கில முறையில் எழுத்துக்கூட்டி 'ஜோட்டா' என்றால் அவ்வூராருக்கு விளங்காது. நம் ஊர்ப் பெயர்கள் பிறர் நாவில் படும் பாட்டை நாள்தோறும் கேட்கும் வெளிமாநிலத் தமிழர்க்கு இது புதிதன்று.

ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று, கைகளைத் தலைக்குமேல் வளைத்துயர்த்தி, விரல்களில் மாட்டிய சிறு மரச் சில்லுகளைத் தட்டிக்கொண்டு ஆடுவர். அவை நம் சப்ளாக்கட்டைக்கு ஒருவகை உறவு எனலாம். கிதாரும் பந்தூரியா என்னும் நரம்புக் கருவியும் துணை நிற்கும். பாட்டுக்கு நான்கே அடிகள். அவற்றையே முன்னும் பின்னும் மடக்கி ஏழாக்கிப் பாடுவர். ஆட்டத்தின் உயிரெல்லாம் காலின் துள்ளலில்தான்.

இப்பெயர் எங்கிருந்து வந்தது? 12-ஆம் நூற்றாண்டில் வலென்சியாவிலிருந்து துரத்தப்பட்ட ஆபென் ஹோத் என்ற மூர்ப் பாடகன், அரகோனிலுள்ள கலத்தாயூத் நகரில் குடியேறி இதனைக் கற்பித்தான் என்பது கதை. அக்காலத்து ஆவணம் எதுவும் இதற்குத் துணைநிற்கவில்லை. எனினும் இதனை எளிதில் தள்ள நமக்கு மனம் வரவில்லை. மூர்களின் வழிவந்த மொரிஸ்கோ மக்களை அரச ஆணையால் 1610-இல் வெளியேற்றிய நாடு அரகோன். அந்நாட்டார் தம் உயிரனைய ஆட்டத்தை ஒரு மூர் அகதி தந்த கொடையென்று சொல்லிக்கொள்வது சிறிய செய்தியன்று.

ஸ்பானிய நெடுங்கணக்கில் ஓர் எழுத்துக்கும் ஹோத்தா என்றே பெயர். அது கிரேக்க 'ஐயோத்தா'வின் வழிவந்தது. ஆட்டத்தோடு அதற்கு உறவில்லை.

சொல்லாராய்ச்சியாளர் காட்டும் வழி வேறு. லத்தீனில் 'சல்தாரே' என்றால் துள்ளுதல், ஆடுதல். 'அல்' என்னும் ஒலி ஸ்பானியத்தில் சிலவிடங்களில் 'ஓ' ஆகும். மற்றொன்று எனப் பொருள்படும் 'அல்தெர்' அங்கே 'ஓத்ரோ' ஆயிற்று. அவ்வாறே 'சல்தாரே' பழைய ஸ்பானியத்தில் 'சோத்தார்' ஆயிற்று. முதலெழுத்தின் சகரம் ஷகரமாகி, பின்னர் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் தொண்டையில் பிறக்கும் ஹகரம் போன்ற ஒலியாகத் திரிந்தது. இதற்குச் சான்று வேண்டுவோர் குளியலறைக்குப் போகலாம். வடநாட்டுக் கடைகளில் நாம் கேட்டு வாங்கும் 'சாபுன்' லத்தீன் 'சாப்போ'வின் உறவு. அதே சொல் ஸ்பெயினில் 'ஷபோன்' ஆகி, இன்று 'ஹபோன்' என வழங்குகிறது. ஆகவே ஹோத்தா என்றால் துள்ளல். நவார்ரா, காஸ்தீல் முதலிய பகுதிகளிலும் தத்தம் ஹோத்தாக்கள் உண்டு. அவையெல்லாம் ஒரே பாடகனின் கொடை என்பதினும் இதுவே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஸ்பானியர் ஆட்சியின்போது இவ்வாட்டம் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கும் சென்றது. அங்குள்ளோர் மரச் சில்லுக்கு மாற்றாக மூங்கிற் சில்லை விரலில் மாட்டிக்கொண்டனர்; மொன்காதா என்னும் தம் ஊர்ப் பெயரையும் சேர்த்து 'ஹோத்தா மொன்காதென்யா' என்று வழங்கினர்.