ஓரமாய்ப் போகச் சொன்னால், ஓரம் எங்கே?

"ஓரமாப் போ." பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைக்கு நெல்லைச் சீமைத் தாய் சொல்லும் கடைசி வார்த்தை இது. தாமிரபரணிக் கரை ஊர்களில், சேரன்மகாதேவியும் சேர்த்துத்தான், அந்த ஓரத்தைத் தேடினால் கிடைப்பது மூடியில்லாத ஓடை, கடைக்கு ஏறும் சிமெண்டுச் சரிவு, நிறுத்திய பைக்குகள், மின்கம்பம், அதில் சாய்ந்த பிளக்ஸ். அத்தனைக்கும் ஓரத்தில் இடம் உண்டு. பிள்ளைக்கு மட்டும் தார் விளிம்பு. அடிபட்டால், "பையன் குறுக்கே வந்துட்டான்" என்று ஊர் பேசுகிறது. பையன் குறுக்கே வரவில்லை. அவன் நடந்த இடத்தின் குறுக்கே ரோடு வந்தது.

சேரன்மகாதேவி நடப்பவர்களுக்காக எழுந்த ஊர். ஆறு, கன்னடியன் கால்வாய், பக்தவத்சலப் பெருமாள் கோயில் என்று இங்கே பழையது எதுவும் மோட்டாருக்காக வகுக்கப்படவில்லை. இன்றோ திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் சாலை ஊருக்குள் புகுந்து போகிறது. களக்காட்டுச் சாலை பிரிகிறது. ஆற்றைத் தாண்டினால் முக்கூடல் பக்கம். வெளியூர்க்காரருக்கு இது வழியில் வரும் ஓர் ஊர். பிள்ளைக்கு இதுதான் உலகம். இரண்டு நிமிடம் முந்திப் போக நினைப்பவருக்காக அந்த உலகம் சுருங்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

இது ஓர் ஊரின் குறை மட்டுமல்ல. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஐந்தில் ஒருவர் என்றே சொல்லலாம்.

நடைபாதை எப்படி இருக்க வேண்டும் என்பதும் புதிராக இல்லை. இந்திய சாலைக் காங்கிரஸ் விதிமுறையில் அளவு இருக்கிறது: தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம். விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மிகாமல். பிள்ளையின் கையைப் பிடித்து நடக்கும் தாய்க்கும் எதிரே வருபவருக்கும் அந்த அகலம் போதும். அந்த உயரத்தைப் பிள்ளையும் ஏறும், ஆச்சியும் ஏறுவாள். கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில், தடையற்ற நடைபாதை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே நடைபாதை கேட்டு மனு எழுதுபவர் சலுகை கேட்கவில்லை, பாக்கியை வசூலிக்கிறார்.

பாக்கி எங்கே நிற்கிறது? பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, தெரு பேரூராட்சியுடையது, கம்பம் மின்வாரியத்துடையது. மூன்று வாசலுக்கும் அலைந்தவர் கடைசியில் வீட்டு வாசலுக்கே திரும்புகிறார். சாலை வடிவமைப்பில் தவறி உயிரோ உறுப்போ போனால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் சொல்கிறது. அந்தப் பிரிவின் பெயரைச் சொல்லிக் கேட்ட மனுக்கள் எத்தனை?

அடுத்தது வேகம். 2018 மத்திய அறிவிக்கை நகராட்சி எல்லைக்குள் காருக்கு மணிக்கு 70 கிலோமீட்டர், பைக்குக்கு 60 என்று உச்ச வரம்பு வைத்தது. மாநிலம் இதைக் குறைக்கலாம். பிள்ளைகளும் வாகனங்களும் கலக்கும் இடத்தில் 30 போதும் என்று 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனம் கேட்டது. பள்ளிக்கூட வாசலில் 60 என்பது அனுமதி அல்ல, அலட்சியம். வேகத்தடைக்கும் கணக்கு உண்டு: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டி எழுப்பும் குட்டிச்சுவர் வேகத்தடை ஆகாது, அது முதுகுத்தடை.

"தெரு குறுகல், என்ன செய்ய?" என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. குறுகிய தெருவில் வண்டி மெதுவாகத்தான் போகும். அது பிள்ளைக்கு நல்லது. அகலப்படுத்துவதுதான் ஆபத்து. "வியாபாரம் படுத்துவிடும்" என்பது அடுத்தது. சென்னை பாண்டி பஜாரில் 2019-இல் நடைபாதையை அகலமாக்கினார்கள். கடைத்தெரு அங்கேதான் இருக்கிறது. நெதர்லாந்தில் 1971-இல் மட்டும் 400-க்கு மேற்பட்ட பிள்ளைகள் சாலையில் இறந்தார்கள். பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்பதே இயக்கத்தின் பெயர். அந்த நாடு சைக்கிளுக்கும் நடைக்கும் திரும்பியதில் அந்தக் கோபத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

பிள்ளை நடக்க நிழலும் வேண்டும். சித்திரை வெயிலில் தார் ரோட்டில் செருப்புத் தேயும் பிள்ளைக்கு வேம்பும் புங்கையும் போல உதவுவது வேறில்லை. மரத்தை வெட்டி அகலமாக்கிவிட்டு, மரக்கன்று நடும் விழாவுக்குப் பந்தல் போடுவது நம் காலத்து விநோதம்.

இதே சேரன்மகாதேவியில் வ.வே.சு. ஐயரின் குருகுலத்தில், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உட்காரலாமா என்ற கேள்வி எழுந்து தமிழகமே கொதித்தது. அதே காலத்தில், 1924-இல் வைக்கத்தில் நடந்தது, கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்கான போராட்டம். சாதி மறித்த தெருவைத் திறக்கச் சிறைக்குப் போனவர்கள் உண்டு. அப்படித் திறந்த தெருவை இன்று பைக்கும் லாரியும் மறிக்கின்றன.

மறிப்பவர்களில் இந்த அவையில் இருப்போரும் உண்டு. பதினைந்து வயதுப் பையனிடம் வண்டிச் சாவியைக் கொடுக்கும் அப்பாவுக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என்று அதே 2019 சட்டம் சொல்கிறது. கடைப்படியைத் தெருவுக்கு இறக்கியவரும் அதிகாரியை மட்டும் திட்டிவிட்டு எழுந்து போக முடியாது.

நாளைக் காலை ஒவ்வொருவரும் 1.8 மீட்டர் கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு, பிள்ளையின் கையைப் பிடித்து, வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை நடக்கட்டும். கயிறு எங்கெங்கே விரியவில்லையோ, அந்த இடங்களை எழுதிப் பேரூராட்சி அலுவலகத்தில் கொடுத்து, ரசீது வாங்கி வரட்டும்.