கடைசி வரிசையிலிருந்து பாருங்கள்

(தேவாரத்தில் ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நம் பகுதிப் பிள்ளைகள் பலரின் பெற்றோர் விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விடுகிறார்கள். வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வைக்க ஆளில்லை. வகுப்பில் வாசிப்பதுதான் அந்தப் பிள்ளைகளுக்கு வாசிப்பு.

ஒருநாள் நான்காம் வகுப்பில் திரையில் 'மிளகுக் கொடி' என்று காட்டினேன். கடைசி வரிசைப் பையன் ஒருவன் 'மிளகுக் கோடி' என்று வாசித்தான். வகுப்பே சிரித்தது. "பார்த்துப் படிடா" என்று நானும் அதட்டினேன். பிறகு அவன் வாய் திறக்கவே இல்லை.

மாலையில் அவன் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அழகாக இருக்கிறதென்று நான் தேர்ந்தெடுத்த தடித்த எழுத்துருவில் கொம்பின் சுழி அடைத்துக் கிடந்தது. ஒற்றைக் கொம்பா, இரட்டைக் கொம்பா என்று எனக்கே தெரியவில்லை.

எகர ஒகரக் குறிலுக்குப் புள்ளி வைப்பது தொல்காப்பிய மரபு. ஓலை கிழியும் என்று ஏட்டில் புள்ளியை விட்டுவிடுவார்கள். குறிலா நெடிலா என்பதை இடம் பார்த்துத்தான் அறிய வேண்டும். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்கு இரட்டைக் கொம்பைத் தந்தார். பொருந்தாத எழுத்துரு நம் பிள்ளைகளை அவருக்கு முந்தைய காலத்துக்கே அனுப்பிவிடுகிறது.

நான் இப்போது கடைப்பிடிப்பது இவ்வளவுதான். ஒருங்குறி எழுத்துருவையே பயன்படுத்துகிறேன். தமிழக அரசும் 2010-இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத குறிகளாக மாறிவிடும். கணினியில் உள்ள நிர்மலா யூஐ, இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் இரண்டும் தெளிவானவை. பாடவரிகளைத் தடித்த எழுத்தில் போடுவதில்லை. வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்து. ஒரு திரைக்கு ஐந்தாறு வரி. மேலே புள்ளியும் கீழே சுழியும் முட்டாத அளவு வரி இடைவெளி.

புதிய எழுத்துரு என்றால் 'கொடி, கோடி; எடு, ஏடு; கல, கல்; மனம், மணம்' என்று தட்டச்சு செய்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து வாசித்துப் பார்க்கிறேன். அங்கிருந்து வேறுபாடு தெரிந்தால்தான் அது வகுப்புக்கு வரும்.

மறுநாள் எழுத்துருவை மாற்றிவிட்டு, எல்லோர் முன்னும் "நேற்று தப்பு என்னுடையது தம்பி" என்றேன். அவன் எழுந்து 'மிளகுக் கொடி' என்று சத்தமாக வாசித்தான்.

பிள்ளை தப்பாக வாசித்தால், அதட்டுவதற்கு முன் ஒருமுறை அந்த இடத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள்.