பாட்டனார் வேதமும் பேரனும்

பூதிகோட்டையை அடுத்த கோலார் தங்கவயலுக்கு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் திரளாகக் குடியேறினர். அவர்களுள் கிறிஸ்தவர் இல்லங்களில் ஜெபவேளையில் ஒலித்தது தமிழ் வேதம். தரங்கம்பாடியில் 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி முற்றுப்பெற்ற நாள்முதல் வளர்ந்த செல்வம் அது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இயற்றிய கீர்த்தனைகளும் அதனுடன் சேர்ந்தன.

சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. பிழைப்பு நாடிப் பலர் பெங்களூருக்கு ரயிலேறுகின்றனர். கன்னடமும் ஆங்கிலமும் பயிலும் பேரக்குழந்தைகள் பலர் தமிழ் பேசுவர், படிக்க அறியார். கீர்த்தனையைச் செவிவழிக் கற்றுப் பாடிவிடலாம். பாட்டனாரின் வேதத்தைத் தாமே திறந்து பொருள் தேட எழுத்து வேண்டுமன்றோ?

ஆதலின், குடும்ப ஜெபத்தில் பெரியோரே வாசித்து முடித்துவிடாமல், பிள்ளை ஒரு வசனத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கும்வரை பொறுத்திருங்கள். அந்தப் பொறுமையே நாம் விட்டுச்செல்லும் ஆஸ்தி.