கண்ணு மங்கல், காது பளிச்: வீட்டுப் பெரியவங்களை போர்ட்ரெய்ட் எடுக்கிறது

(பேசினதோட எழுத்து வடிவம். படிக்க வசதியா கொஞ்சம் சுருக்கியிருக்கோம்.)

போன வாரம் லென்ஸ் பத்திப் பேசினதுக்கு அப்புறம் இன்பாக்ஸ்ல ஒரே கேள்விதான், வேற வேற வார்த்தையில. "85 எம்எம் எஃப்/1.8 வாங்கினேன். கேமரா ஸ்கிரீன்ல அட்டகாசமா இருக்கு. லேப்டாப்ல போட்டுப் பெருசு பண்ணினா கண்ணு மங்கலா இருக்கு, காதோரம் முடி மட்டும் பளிச்சுனு தெரியுது. லென்ஸ்ல கோளாறா?" அனேகமா இல்லைங்க. லென்ஸ் பாவம், அது சொன்ன வேலையைத்தான் செஞ்சிருக்கு.

இதைப் பொதுவா விளக்காம, ஒரு குறிப்பிட்ட படத்தை வெச்சுப் பேசலாம்னு நினைக்கிறேன். உங்க வீட்டுப் பாட்டியோ தாத்தாவோ. ஏன்னா நம்ம வீடுகள்ல இந்தப் படம் எப்ப தேவைப்படும்னு உங்களுக்கே தெரியும். ஒருத்தர் தவறின அன்னிக்கு ராத்திரி, ஆளுக்கொரு போனைத் தடவிக்கிட்டு உட்கார்ந்திருப்போம். கடைசியில கிடைக்கிறது கல்யாண ஆல்பத்துல குரூப் போட்டோவுல இருந்து வெட்டின தலை, இல்லேன்னா ஆதார் கார்டு படம். பக்கத்துல நின்னவரோட தோள்பட்டை ஓரமா எட்டிப் பார்க்கும், ஸ்டுடியோக்காரர் அதை நீல கலர் அடிச்சு மறைச்சிருப்பார். மாலை போட்டு மாட்டினா அடுத்த முப்பது வருஷத்துக்கு அதுதான் அவங்க முகம். கையில நல்ல கேமரா இருக்கிறவங்க வீட்லயும் இதே கதைதான் நடக்குது. தெரு, கோயில், கடற்கரைன்னு பத்தாயிரம் படம் இருக்கும், பாட்டி படம் ஒண்ணு இருக்காது.

சரி, கணக்குக்கு வருவோம். ஃபுல் ஃப்ரேம் கேமரால 85 எம்எம் லென்ஸ், எஃப்/1.8, ஒன்றரை மீட்டர் தூரம். இதுல தெளிவா விழுற பகுதியோட ஆழம் சுமாரா 3 சென்டிமீட்டர்தான். அதாவது ஃபோகஸ் விழுந்த இடத்துக்கு முன்னால ஒன்றரை, பின்னால ஒன்றரை. மூக்கு நுனியில இருந்து காது வரைக்கும் 10 சென்டிமீட்டருக்கு மேலயே வரும். ஆக முகம் முழுக்கத் தெளிவா விழ வாய்ப்பே கிடையாது, எந்த 3 சென்டிமீட்டர்ங்கிறதுதான் உங்க முடிவு. அதே லென்ஸை எஃப்/4க்கு மூடினா ஆழம் சுமார் 7 சென்டிமீட்டர் ஆகிடும். எவ்வளவு நிம்மதி பாருங்க.

"பின்னணி மங்கலாகாதே"ன்னு உடனே கேப்பீங்க. ஆகும். பின்னணி மங்குறதுக்கு அப்பர்ச்சர் மட்டும் காரணம் இல்லை, ஆளுக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியும் காரணம். பாட்டியைச் சுவரோட ஒட்டி உட்கார வெச்சுட்டு எஃப்/1.8ல எடுக்கிறதைவிட, ரெண்டரை மீட்டர் முன்னால கொண்டு வந்து எஃப்/4ல எடுங்க. காலண்டர், டிவி ஸ்டாண்டு எல்லாம் கரைஞ்சு போயிடும். அபார்ட்மென்ட் ஹால் சின்னதுதான், ஆனா நீளவாக்குல பயன்படுத்தினா இந்த இடம் கிடைச்சிடும்.

அடுத்தது, இந்த ஃபோகஸ் பண்ணிட்டு கேமராவைத் திருப்பி ஃப்ரேம் வைக்கிற பழக்கம். நடுப் புள்ளியைக் கண்ணுல வெச்சு, பட்டனைப் பாதி அழுத்தி, அப்படியே கேமராவைச் சாய்ச்சு எடுக்கிறது. இணையத்துல எல்லாத்துக்கும் இதையே குற்றவாளி ஆக்குவாங்க. ஒன்றரை மீட்டர்ல 10 டிகிரி சாய்ச்சா ஃபோகஸ் விழுற தளம் கண்ணைவிட 2 சென்டிமீட்டருக்கு மேல பின்னால போயிடும்ங்கிறது உண்மைதான். ஆனா 85 எம்எம்ல கண்ணை ஃப்ரேமோட மேல் மூணுல ஒரு பங்குக்குக் கொண்டுவர 4 டிகிரி போதும். அதுல வர்ற பிழை அரை சென்டிமீட்டர்கூட இல்லை. அப்ப கண்ணைக் கெடுக்கிறது யாருன்னா, ஆட்டம். நீங்க நின்னுக்கிட்டு மூச்சு விடுறீங்க, பாட்டி எதையோ சொல்ல வந்து லேசா முன்னால சாயுறாங்க. ஃபோகஸ் பூட்டினதுக்கும் கிளிக்குக்கும் நடுவுல ஒரு நொடி போனாலே 2 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும்.

இதுக்கு மருந்து கேமராவுல பாதி, நாற்காலியில பாதி. ஸ்டூல் வேண்டாம், முதுகு சாயுற நாற்காலி போடுங்க. நீங்களும் உட்காருங்க, லென்ஸ் அவங்க கண் உயரத்துக்கு வரணும். கேமராவுல தொடர்ந்து ஃபோகஸ் பண்ற மோடு இருக்கும். சோனி, நிக்கான்ல ஏஎஃப்-சி, கேனான்ல செர்வோ. அதைப் போட்டு, கண்ணைக் கண்டுபிடிக்கிற வசதி இருந்தா அதையும் ஆன் பண்ணிடுங்க. முகம் ஒரு பக்கம் திரும்பியிருந்தா லென்ஸுக்குக் கிட்ட இருக்கிற கண்ணுலதான் ஃபோகஸ். ரெண்டு கண்ணும் தெளிவா வேணும்னா முகத்தை நேரா லென்ஸைப் பார்க்கச் சொல்லுங்க, ரெண்டும் ஒரே தூரத்துக்கு வந்துடும். மூணு நாலு ஃப்ரேம் தொடர்ச்சியா எடுங்க. ஷட்டர் 1/200க்குக் கீழ வேண்டாம், ஐஎஸ்ஓ 3200 போனாலும் கவலைப்படாதீங்க. நாய்ஸைப் பிறகு குறைச்சுக்கலாம், ஆடிப்போன கண்ணை என்ன பண்ண முடியும்?

மூக்குக் கண்ணாடி ஒரு தனி தலைவலி. கண்ணாடிக்கும் கண்ணுக்கும் நடுவுல ஒரு சென்டிமீட்டருக்கு மேல இடைவெளி இருக்கும். சில சமயம் கேமரா ஃப்ரேமோட விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு கண்ணை விட்டுடும். எஃப்/1.8ல அது தெரியும், எஃப்/4ல தப்பிச்சிடலாம். கண்ணாடியைக் கழட்டச் சொல்லாதீங்க. நாப்பது வருஷமா போட்டுக்கிட்டிருக்கிறவங்களைக் கழட்டச் சொன்னா வேற யாரோ மாதிரி ஆகிடுவாங்க. ஜன்னல் பக்கவாட்டுல இருக்கிற மாதிரி உட்கார வெச்சு, காதுல மாட்டுற கம்பியைத் துளி மேல தூக்கி விட்டா, வெளிச்சம் பட்டுத் திரும்புறது லென்ஸுக்கு வராது. மேல இருக்கிற டியூப் லைட்டை அணைச்சிடுங்க. "இருட்டா இருக்கே"ன்னு வீட்ல யாராவது வந்து திரும்பப் போடுவாங்க, பொறுமையா திரும்ப அணைங்க.

வெள்ளைப் புடவையோ வெள்ளை வேட்டி சட்டையோ ஃப்ரேமை நிறைச்சா கேமரா ஏமாந்துடும். அது எல்லாத்தையும் நடுத்தர சாம்பல் நிறமா நினைச்சு அளக்குது, வெள்ளையைப் பார்த்ததும் வெளிச்சத்தைக் குறைச்சிடும். மாநிறமோ கறுப்போ, முகம் இருண்டு போயிடும். முகத்தைப் பார்த்து எக்ஸ்போஷரை நீங்களே ஏத்துங்க. புடவை கொஞ்சம் வெளுத்தாலும் பரவாயில்ல. தயவுசெஞ்சு எடிட்டிங்ல தோலை வெளுக்காதீங்க, சுருக்கத்தையும் அழிக்காதீங்க.

கேமரா இல்லாதவங்களுக்கு ஒரு வார்த்தை. போன்ல முகம் நிறையணும்னு 40 சென்டிமீட்டர் கிட்ட போவோம். அங்க மூக்கு நுனி 40ல, காது 52ல. அதனால மூக்கு காதைவிட 30 சதவீதம் பெரிசா விழும். ஒன்றரை மீட்டர் தள்ளிப் போனா அந்த வித்தியாசம் 8 சதவீதம்தான். 85 எம்எம்ல முகம் அழகா வர்றதோட ரகசியமும் இதுதான்: அது உங்களைத் தள்ளி நிக்க வைக்குது. போன்லயும் 2எக்ஸ் போட்டுத் தள்ளி நில்லுங்க. போர்ட்ரெய்ட் மோடு வேணும்னா போடுங்க, ஆனா தலையில வெச்ச மல்லிகைச் சரத்தையும் கண்ணாடிக் கம்பியையும் அது கடிச்சு வெச்சிடும், சரிபார்த்துக்கங்க.

இவ்வளவு கறாரா பேசிட்டு ஜூலியா மார்கரெட் கேமரூனைச் சொல்லாம விட்டா நியாயம் இல்லை. 1815ல கல்கத்தாவுல பிறந்தவங்க. 48 வயசுல மகள் ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தாங்க, இங்கிலாந்துல டார்வினையும் டென்னிசனையும் ஹெர்ஷலையும் எடுத்தாங்க. ஃபோகஸே சரியா வரலைன்னு அந்தக் காலத்துப் புகைப்படப் பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. அவங்க அசரலை. முகத்துல எந்த அளவு தெளிவு தனக்கு அழகா பட்டுச்சோ அங்கேயே நிறுத்திக்கிட்டாங்க. ஹெர்ஷல் படத்தைத் தேடிப் பாருங்க, தலைமுடி புகை மாதிரி இருக்கும், ஆனா அந்த மனுஷன் உங்களைப் பார்ப்பார். அதனால மூணு நாலு ஃப்ரேம்ல கண்ணு துளி மங்கலா, ஆனா பாட்டி அவங்களோட சொந்தச் சிரிப்பைச் சிரிச்ச படம் ஒண்ணு இருந்தா, அதை அழிச்சுடாதீங்க. நான் அதைத்தான் வெச்சுக்குவேன்.

1875ல கணவரோட காப்பித் தோட்டம் இருந்த இலங்கைக்குப் போனாங்க, 1879ல அங்கேயே இறந்தாங்க. அங்கயும் படம் எடுத்தாங்க, தோட்டத் தொழிலாளர்களை, கிராமத்து ஆட்களை. ஆனா டார்வின் படத்துல டார்வின்னு பேர் இருக்கு. இந்தப் படங்கள் பலதுல "களுத்துறை விவசாயிகள்"ங்கிற மாதிரி ஒரு பொதுப் பேர்தான். அழகான முகங்கள், யார்னு தெரியாது. எந்தத் தோட்டம், எந்த ஊர்ல இருந்து வந்தவங்க, அவங்க பேரப் பிள்ளைங்க யாரு, ஒண்ணும் எழுதி வைக்கலை.

நீங்க ஒரு எட்டுக்குப் பன்னெண்டு பிரிண்ட் போடுங்க. பின்பக்கம் பென்சில்ல பேர், ஊர், தேதி, எடுத்த இடம் எழுதுங்க. கூப்பிடுற பேர் வேற, கார்டுல இருக்கிற பேர் வேறன்னா ரெண்டையும் எழுதுங்க. பிரிண்டை முதல்ல பாட்டிகிட்ட கொடுங்க. "என்னடா இவ்ளோ கெழவியா இருக்கேன்"னு திட்டுவாங்க. அப்புறம் பீரோவுல புடவைக்கு அடியில பத்திரமா வெச்சுக்குவாங்க.

அடுத்த வாரம் பழைய மேனுவல் லென்ஸ், மழைக்காலத்துல அதுல வர்ற பூஞ்சை பத்திப் பேசலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில பத்து மணிக்கு ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுதுன்னு மட்டும் பார்த்து வைங்க. வர்றேன்.